எக்ஸிட் எடுப்பதும் இறங்கி வருவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து கார் ஓட்டத் தொடங்குபவர்கள் எக்ஸிட், அதாவது வேகச் சாலையிலிருந்து இறங்கும் வழி, பற்றி நிறையக் கேட்கிறார்கள். செய்திகளில் 'ஆஃப் ராம்ப்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, போருக்கும் சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு வகைக் கேள்விகளுக்கும் இங்கே சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். சாலையில் அந்த வழியை எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அரசியலில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

ஆஃப் ராம்ப் என்பது சரியாக எது?

வேகச் சாலையின் ஓரத்தில் ஒரு தடம் தனியாகப் பிரிந்து, மெல்ல விலகி, ஏறியோ இறங்கியோ உள்ளூர்ச் சாலையில் போய்ச் சேரும். அந்தத் துண்டுச் சாலைதான் ஆஃப் ராம்ப். உள்ளூர்ச் சாலையிலிருந்து வேகச் சாலைக்கு ஏற்றிவிடுவது ஆன் ராம்ப். பேச்சில் யாரும் இப்படியெல்லாம் பிரித்துச் சொல்வதில்லை. "அடுத்த எக்ஸிட்ல எடுத்துடு" என்றால் போதும். பிரிட்டனில் ஸ்லிப் ரோடு என்பார்கள். மலேசியாவில் பலகையில் 'சுசூர் கெலுவார்' என்று இருக்கும். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் எக்ஸிட்டும் பெரும்பாலும் வலப்பக்கம்தான். இந்தியா, இலங்கை, மலேசியாவில் இடப்பக்கம்.

இந்தச் சொல் ஏன் அமெரிக்காவில் இவ்வளவு புழங்குகிறது?

அங்கே எக்ஸிட்டை விட்டால் இறங்க வேறு வழியே கிடையாது என்பதுதான் காரணம். 1919-ல் அமெரிக்க ராணுவ வண்டிகளின் அணி ஒன்று வாஷிங்டனில் கிளம்பி சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர 62 நாள் ஆனது. சேறு, உடைந்த பாலங்கள், மணலில் புதைந்த லாரிகள். அந்த அணியில் இருந்த இளம் அதிகாரி ஐசனோவர். பிறகு இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் ஆட்டோபான் என்ற வேகச் சாலைகளையும் பார்த்தார். அவர் அதிபரான பின் 1956 ஜூன் 29 அன்று கையெழுத்திட்ட சட்டம்தான் 41,000 மைல் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு வழிசெய்தது.

இந்தச் சாலைகளில் சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, ஓரத்தில் டீக்கடை இல்லை. பெட்ரோல், சாப்பாடு, வீடு, ஆஸ்பத்திரி என்று எதற்குப் போவதானாலும் எக்ஸிட் வழியாகத்தான் இறங்க வேண்டும். கிராமப்புற மாநிலங்களில் ஒன்றை விட்டால் அடுத்தது 10 மைல் தள்ளிகூட இருக்கலாம். தினமும் இப்படி ஓட்டும் ஒரு சமூகம், சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பார்த்து "அவருக்கு எக்ஸிட் இருக்கிறதா?" என்று கேட்பது இயல்புதான்.

நம் ஊரில் இப்படி இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. தமிழ்நாட்டின் பெரும்பாலான தேசிய நெடுஞ்சாலைகளில் நடுத் தடுப்பில் (மீடியனில்) இடைவெளி இருக்கும், கிராமத்துச் சாலை நேராக வந்து சேரும், பஸ் நிறுத்தம் இருக்கும். எக்ஸிட் என்றால் நமக்கு சர்வீஸ் ரோட்டில் இறங்குவதுதான். ஒன்றை விட்டால் கொஞ்ச தூரத்தில் ஒரு யூ டர்ன் கிடைத்துவிடும். முழுக்க வேலியிட்ட சாலையில், எண் போட்ட எக்ஸிட்டை நம்பி ஓட்டும் அனுபவம் நம்மில் பலருக்கு இன்னும் புதிது. இலங்கையில் 2011-ல் திறந்த தெற்கு அதிவேகச் சாலையில் ஓட்டியவர்களுக்கு இது பழக்கமாகியிருக்கும். நுழையும்போது சீட்டு வாங்கி, வெளியேறும் இடத்தில் காசு கட்ட வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு எளிதான உதாரணம் கத்திப்பாரா. 2008-ல் திறந்த அந்த கிளோவர்லீஃப் (நான்கு இலை போல வளைவுகள் கொண்ட) மேம்பாலத்தில் வலப்பக்கம் போக வேண்டுமானால் முதலில் இடப்பக்கம் இறங்கி, முக்கால் வட்டம் சுற்றி வர வேண்டும். எதிரே வரும் வண்டியைக் குறுக்கே வெட்டாமல் திரும்புவதற்கான ஏற்பாடு இது. இந்த வடிவத்துக்கு அமெரிக்காவில் 1916-ல் ஆர்தர் ஹேல் என்ற பொறியாளர் காப்புரிமை வாங்கினார். அந்த நாட்டின் முதல் கிளோவர்லீஃப் 1929-ல் நியூ ஜெர்சியின் உட்பிரிட்ஜில் வந்தது. அது இன்று இல்லை; நெரிசல் தாங்காமல் வேறு மாதிரி மாற்றிக் கட்டிவிட்டார்கள். உள்ளே வரும் வண்டியும் வெளியே போகும் வண்டியும் ஒரே சிறிய தூரத்துக்குள் தடம் மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் கிளோவர்லீஃபின் பெரிய தொல்லை.

எக்ஸிட் பிரியும் இடத்தில் முக்கோணமாகக் கோடு போட்டு, மஞ்சள் டிரம்களை வைத்திருப்பது எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பிரதான சாலையும் ராம்பும் பிரியும் இடத்தில் உள்ள அந்த முக்கோணத்தை கோர் என்பார்கள். அதற்குள் வண்டி ஓட்டக் கூடாது. முடிவெடுக்க முடியாமல் கடைசி நொடியில் இப்படியா அப்படியா என்று தடுமாறுபவர்கள் நேராகப் போய் மோதும் இடம் அது. பாலத்தின் மேல் என்றால் அந்த முனையில் கான்கிரீட் சுவரே இருக்கும்.

அந்தச் சுவருக்கு முன்னால் வைத்திருக்கும் டிரம்களில் இருப்பது மணல். முதல் வரிசையில் ஒரே டிரம், அதிலும் மணல் குறைவு. பின்னால் போகப்போக டிரம்களும் கூடும், மணலும் கூடும். மோதும் வண்டியை ஒரே அடியாக நிறுத்தாமல், படிப்படியாக வேகத்தை உறிஞ்சுவதற்காக இந்த வரிசை. இதை உருவாக்கியவர் ஜான் ஃபிட்ச், கார் பந்தய வீரர். 1955-ல் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் அவருடைய கூட்டாளி பியர் லெவெக் ஓட்டிய கார் மோதிச் சிதறி, அதன் துண்டுகள் பார்வையாளர்கள் நடுவே பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே காரை அடுத்து ஓட்ட வேண்டியவராகக் காத்திருந்தவர் ஃபிட்ச். அதன் பிறகு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சாலைப் பாதுகாப்புக்கே கொடுத்தார். இன்றும் அந்த டிரம்களுக்கு அவர் பெயர்தான். அடுத்த முறை அவற்றைக் கடக்கும்போது ஒரு கணம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ராம்பில் லாரிகள் ஏன் அவ்வளவு கவிழ்கின்றன?

வேகம் கண்ணுக்குப் பழகிப்போவதால். ஒரு மணி நேரம் 70 மைல் வேகத்தில் ஓட்டிவிட்டு 45-க்கு இறங்கினால் வண்டி நின்றுவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அந்த வளைவுக்கு 45-ம் அதிகம், 25 என்று மஞ்சள் பலகை சொல்லிக்கொண்டிருக்கும். உயரமான லாரியும் பாதி நிரம்பிய டேங்கரும் அங்கேதான் சாய்கின்றன. டேங்கருக்குள் அலையும் திரவமும் சேர்ந்து தள்ளும்.

இதற்காகத்தான் நல்ல எக்ஸிட்டில் வளைவு தொடங்கும் முன் நேரான ஒரு தனித் தடம் கொடுக்கிறார்கள். பிரேக் அடிப்பது அந்தத் தடத்தில்தான், பிரதான சாலையில் அல்ல. அறிவிப்புப் பலகையும் 2 மைல், 1 மைல், அரை மைல் என்று முன்கூட்டியே வரும். சட்டென்று முளைக்கும் எக்ஸிட்டை யாராலும் பத்திரமாக எடுக்க முடியாது. அரசியல் பகுதிக்கு வரும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸிட் எண்கள் ஏன் 7-க்குப் பிறகு 16 என்று தாவுகின்றன?

பெரும்பாலான மாநிலங்களில் அது வரிசை எண் இல்லை, மைல் எண். 16 என்றால் மாநில எல்லையிலிருந்தோ சாலை தொடங்கும் இடத்திலிருந்தோ ஏறத்தாழ 16-வது மைல். இன்னும் எவ்வளவு தூரம் என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே மைலுக்குள் பல எக்ஸிட் இருந்தால் ஏ, பி என்று ஒட்டுவார்கள். கான்சஸ் சிட்டியின் நடு ஊரைச் சுற்றும் சாலையில் இது 2ஏ-யில் தொடங்கி 2ஒய் வரை போகிறது.

நியூ ஜெர்சிக்காரர் என்று சொன்னால் "எந்த எக்ஸிட்?" என்று கேட்பது அமெரிக்காவில் பழைய கிண்டல். அந்த மாநிலத்தில் 1951-ல் திறந்த டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையால் வந்த பேச்சு அது.

எக்ஸிட்டைத் தவறவிட்டால் என்ன செய்வது?

அடுத்ததில் இறங்குங்கள். அவ்வளவுதான். ரிவர்ஸ் எடுக்காதீர்கள், ஓரம் கட்டி யோசிக்காதீர்கள், கோடு தாண்டி வெட்டாதீர்கள். பின்னால் வருபவர் 70 மைல் வேகத்தில் நொடிக்கு 100 அடிக்கு மேல் கடந்து வருகிறார். எதிரே ஒரு கார் பின்னோக்கி வருகிறது என்று அவர் மூளைக்கு உறைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஜிபிஎஸ் புது வழி சொல்லும். தாமதம் சில நிமிடங்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "அய்யோ, விட்டுட்டியே!" என்று கத்தாதீர்கள். அந்தக் கத்தலில்தான் பலர் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுகிறார்கள்.

சரி, செய்தியில் ஒரு நாட்டுத் தலைவருக்கு 'ஆஃப் ராம்ப்' கொடுக்க வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

மோதலை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், தோற்றவராகத் தெரியாமல் விலகிக்கொள்ள ஏற்படுத்தித் தரும் வழி. 2014 மார்ச்சில் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவைப் பிடித்தபோது அமெரிக்க அதிகாரிகள் புட்டினுக்கு ஆஃப் ராம்ப் தருவது பற்றித் திரும்பத் திரும்பப் பேசினார்கள். 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு கிட்டத்தட்ட எல்லா நெருக்கடியிலும் இந்தச் சொல் வருகிறது.

பலர் இதை 'சமரசம்' என்று புரிந்துகொள்கிறார்கள். அது போதாது. சமரசத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பேசும். ஆஃப் ராம்பை ஒரு தரப்பு கட்டி வைக்கும், மறு தரப்பு தன் விருப்பத்தில் இறங்குவது போல இறங்கும். அந்தப் 'போல' தான் இதில் உயிர். பூனையை அறைக்குள் அடைத்து அடித்தால் புலியாகும் என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, அந்த அறைக்குக் கதவு வைப்பதுதான் இந்த வேலை.

வரலாற்றில் நல்ல உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா?

1962 அக்டோபர், கியூபா. இதை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவுவதைக் காட்டும் படங்கள் அக்டோபர் 16 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் மேசைக்கு வந்தன. குண்டு வீசி அழித்துவிடலாம் என்று ராணுவத் தரப்பு வற்புறுத்தியது. அவர் கடல் வழியை மறிப்பதைத் தேர்ந்தெடுத்தார். அதையும் 'முற்றுகை' என்று அறிவிக்கவில்லை, ஏனென்றால் சர்வதேசச் சட்டப்படி முற்றுகை ஒரு போர்ச் செயல். 'க்வாரன்டைன்' என்றே 22-ம் தேதி தொலைக்காட்சியில் சொன்னார். எதிர்த்தரப்புக்கு வேகத்தைக் குறைக்க நேரம் கிடைத்தது. சாலையில் அந்த நேரான தடம் செய்யும் வேலைதான் இது.

26-ம் தேதி சோவியத் தலைவர் குருஷ்சேவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுங்கள், விலகிக்கொள்கிறோம் என்ற தொனியில். மறுநாளே இன்னொரு கடிதம், இன்னும் கடுமையாக: துருக்கியில் இருக்கும் உங்கள் ஜுப்பிட்டர் ஏவுகணைகளையும் அகற்றுங்கள். அதே 27-ம் தேதி கியூபாவுக்கு மேலே அமெரிக்க யூ-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். அன்று போர் தொடங்கியிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது.

கென்னடி பகிரங்கமாக முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் அனுப்பினார். அன்று மாலை அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் டோப்ரினினைத் தனியாகச் சந்தித்தார். துருக்கி ஏவுகணைகள் சில மாதங்களில் போய்விடும், ஆனால் இதை வெளியே சொல்ல முடியாது என்றார். மறுநாள் மாஸ்கோ வானொலி ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வெற்றி முழக்கம் கூடாது என்று கென்னடி தன் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். 1963 ஏப்ரலுக்குள் ஜுப்பிட்டர் ஏவுகணைகள் துருக்கியிலிருந்து போய்விட்டன.

1963 ஜூன் 10 அன்று ஒரு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கென்னடி இதைக் கொள்கையாகவே பேசினார். எதிராளியை அவமானப்பட்டுப் பின்வாங்குவது அல்லது அணுப்போர் என்ற இரண்டில் ஒன்றுக்குத் தள்ளும் மோதல்களை அணு நாடுகள் தவிர்க்க வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

அதில் குறையே இல்லையா?

இருந்தது. துருக்கிப் பேரம் ரகசியமாகவே இருந்ததால், உலகத்தின் கண்ணுக்கு குருஷ்சேவ் வெறுங்கையோடு இறங்கியவராகத் தெரிந்தார். 1964 அக்டோபரில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் மீதான அதிருப்திகளில் கியூபாவும் ஒன்று. இறங்கியவர் தன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். இருட்டில் கட்டிய ராம்பில் அது கிடைப்பதில்லை.

இந்தியாவுக்கு நெருக்கமான உதாரணம்?

2019 பிப்ரவரி. புல்வாமா தாக்குதல், 26-ம் தேதி பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்தியாவின் விமானத் தாக்குதல், 27-ம் தேதி வான் சண்டை. தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானிடம் பிடிபட்டார். மறுநாளே பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் அப்போதைய பிரதமர் இம்ரான் கான், அமைதிக்கான சைகையாக அவரை விடுவிப்பதாக அறிவித்தார். மார்ச் 1 இரவு அவர் வாகா எல்லை வழியாக நடந்து வந்தார். நல்லெண்ணம் காட்டினோம் என்று பாகிஸ்தான் தன் மக்களிடம் சொல்லிக்கொண்டது. எங்கள் உறுதிக்குப் பணிந்தார்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. யார் சொன்னது சரி என்று இன்றும் வாதாடலாம். இரண்டு கதைகளுக்கும் இடம் இருந்ததால்தான் அந்த வாரம் அதற்கு மேல் ஏறவில்லை என்பது என் கருத்து.

தமிழில் 'இறங்கி வந்தார்' என்கிறோமே, இரண்டும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றில்லை. "கடைசியில் இறங்கி வந்துட்டார்" என்றால் அவர் பிடிவாதத்தை விட்டார் என்று பொருள். அதில் ஒரு சின்னத் தோல்வி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆஃப் ராம்ப் அந்தத் தோல்வி வாடை வராமல் பார்த்துக்கொள்கிறது. அப்புறம், 'எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி' என்பதும் வேறு. அது நான் எப்படி வெளியேறுவேன் என்று எனக்காக நானே போட்டுவைக்கும் திட்டம்.

எல்லாருக்கும் இப்படி வழி விட வேண்டுமா? தப்பு செய்தவருக்கு எதற்கு மரியாதை?

நியாயமான கேள்வி. 2022 ஜூனில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன், சண்டை ஓயும் நாளில் ராஜதந்திர வழியில் வெளியேறும் பாதையைக் கட்ட முடிய வேண்டும், அதனால் ரஷ்யாவை அவமானப்படுத்தக் கூடாது என்றார். உக்ரைன் வெளியுறவு அமைச்சர் குலேபா, இப்படிச் சொல்வது பிரான்சுக்குத்தான் அவமானம் என்று சூடாகத் திருப்பிக் கொடுத்தார். ஊர்கள் எரிந்துகொண்டிருக்கும்போது எரிப்பவரின் கௌரவம் பற்றிப் பேசினால் கோபம் வரத்தான் செய்யும்.

என் கணிப்பு இது: இறங்க விரும்பியும் இறங்க முடியாமல் தவிப்பவருக்குத்தான் ராம்ப் பயன்படும். குருஷ்சேவ் அப்படிப்பட்டவர், அவர் கடிதமே அதைக் காட்டியது. போய்ச் சேரும் ஊரே அதுதான் என்று ஓட்டுபவருக்கு எத்தனை எக்ஸிட் கட்டினாலும் கடந்து போய்விடுவார். அவருக்கு வழி விடுவது அடிபடுபவருக்குச் செய்யும் அநியாயம். நெருக்கடியில் மாட்டிய தலைவர் இரண்டில் எந்த வகை என்பதில்தான் நிபுணர்களின் சண்டை முழுவதும் நடக்கிறது.

வேலை, பணம் பற்றிய பேச்சிலும் இது வருகிறதே?

ஆமாம். குழந்தை பிறந்த பின் வேலையிலிருந்து சில காலம் விலகும் பெண்களைப் பற்றிய விவாதத்தில் விலகுவது ஆஃப் ராம்ப், திரும்பச் சேர்வது ஆன் ராம்ப். முன்னது எங்கும் உண்டு, பின்னதுதான் அரிது. கிரிப்டோவில் வங்கிப் பணத்தைக் காயினாக்குவது ஆன் ராம்ப், காயினைத் திரும்ப வங்கிப் பணமாக்குவது ஆஃப் ராம்ப். பணம் போடும் முன் இரண்டாவதைப் பற்றி விசாரித்துவிடுங்கள்.

வீட்டுச் சண்டையில் இதைப் பயன்படுத்த முடியுமா?

நம் குடும்பங்கள் காலங்காலமாகச் செய்வதுதான். கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லை, பத்திரிகையை யாரிடமோ கொடுத்தனுப்பினார்கள் என்று தாய்மாமன் முறுக்கிக்கொண்டு, வர மாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது அவருக்கே வர ஆசை, ஆனால் சொன்ன வார்த்தை தடுக்கிறது. பெண் வீட்டார் நேராகப் போய் "தப்பு எங்க மேலதான்" என்றால் சில சமயம் இன்னும் முறுக்கு ஏறும்.

அப்போது ஒரு பெரியம்மா தாம்பூலத் தட்டோடு கிளம்புவார். பத்திரிகை பேச்சையே எடுக்க மாட்டார். "பொண்ணு மாமா மடியில உக்காந்துதான் தாலி கட்டிக்குவேன்னு அழுவுது" என்பார். மாமா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே, "நான் அவங்களுக்காக வரல, பொண்ணுக்காக வரேன்" என்பார். அந்த வாக்கியம்தான் ராம்ப். அதைக் கட்டிக் கொடுத்தவர் பெரியம்மா.

இதில் கெடுவது பெரும்பாலும் மண்டபத்து வாசலில்தான். "வர மாட்டேன்னீங்க, வந்துட்டீங்களே!" என்று யாராவது விளையாட்டாகச் சொல்லிவிடுவார்கள். அப்படிப் பேசக்கூடியவர் யார் என்று எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். மாமா வரும் நேரத்தில் அவரைச் சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்க அனுப்பிவிடுங்கள்.